பன்னிரண்டாவது குதிரை

அத்தியாயம் 7

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

அன்னக்கொடி பிளாஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். மலையடிவாரத்து முந்தல் தாண்டும்போது கடகடவென்று முட்டிக்கொண்டிருந்த ஐஸ்கட்டிகள், பத்தாவது கொண்டை ஊசி வளைவில் தண்ணீராகச் சலசலத்தன. உள்ளே பாலிதீன் பைக்குள் சுற்றிய ஒரு சின்ன மருந்துப் புட்டி. அந்தப் புட்டிக்குள் ஒரு மனிதரின் உயிர்.

"மேல போகப் போகக் குளிரும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாகண்ணே. இந்த ஐஸு பள்ளிக்கூடம் போகலை போலருக்கு."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சுருளிவேல் சிரிக்கவில்லை. மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த மனிதர் அவர். போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல்கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. ராசிங்காபுரத்து அன்னக்கொடி அங்கே டைப் அடிக்க வந்தவள். டைப் சுமார்தான், வாய் பிரமாதம் என்று கண்டுகொண்டு அவளை உதவியாளராக்கிக்கொண்டார். கஷ்டமான கேஸ்களில் அவள் பேச்சு அவருக்கு வேண்டியிருந்தது. இன்று அதுவும் எடுபடவில்லை.

பின்சீட்டில் சோலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மலை மேல் சின்னச்சாமியின் ஏலக்காய் எஸ்டேட் பங்களாவில் சமையல் செய்பவள். அவள் புருஷன் சுடலை, சின்னச்சாமியின் ஜீப் டிரைவர். நேற்று ராத்திரி போடிமெட்டு செக்போஸ்ட்டில் அவன் ஓட்டி வந்த ஜீப்பை நிறுத்தியபோது பின்சீட்டில் முதலாளியின் செருப்பும் மூக்குக் கண்ணாடியும் கிடந்தன. முதலாளியைக் காணோம். இப்போது கீழே ஸ்டேஷனில் சுடலையைச் சுவரோரம் உட்காரவைத்து, "கொன்னு எங்கடா போட்ட?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். மத்தியானத்துக்குள் கொலைக் கேஸ் எழுதிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னொருக்கச் சொல்லு சோலையம்மா," என்றார் சுருளிவேல். "சுடலை என்ன சொன்னான்?"

"ஆறரை மணிக்கு பங்களாவுக்குப் போயிருக்காகய்யா. பெரியவர் இன்னைக்கு வரலை, ஜீப்புல பிரேக்கு சரியில்லை, கீழ கொண்டு போயி பாத்துட்டு வான்னு சின்ன முதலாளி அனுப்பிச்சிருக்காரு. பின்னாடி செருப்பு கெடந்ததே இவுகளுக்குத் தெரியாது."

"நீ அப்ப அங்க இல்லை?"

"என்னைய நாலு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக. ராத்திரி ஊசி நான்தான் போடணும், ஏழு மணிக்கு வர்றேன்னு சொன்னேன். வேணாம், மாமா போடிக்குப் போறாருன்னாக."

சின்ன முதலாளி என்பது பேச்சிமுத்து. சின்னச்சாமியின் அக்கா மகன். எஸ்டேட்டில் ஆள் வைத்து வேலை வாங்குவது எல்லாம் அவன்தான். மாமா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் அவனிடம் இருந்தது. அதை ரத்துச் செய்யத்தான் சின்னச்சாமி இன்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதாக இருந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து வை என்று நேற்றுக் காலையிலேயே சோலையம்மாளிடம் சொல்லியிருந்தாராம்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்றார் சுருளிவேல்.

அன்னக்கொடிக்கு ஞாபகம் இருந்தது. சின்னச்சாமிக்குச் சர்க்கரை வியாதி. நேற்று ராத்திரி ஊசியும் போச்சு, இன்று காலை ஊசியும் போச்சு. மத்தியானத்துக்குள் போடாவிட்டால் நினைவு தப்பும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால்.

"அவரு உயிரோட இருந்தா," என்றாள் மெதுவாக.

"இருக்காரு. கொல்லணும்னு நெனச்சவன் கையால கொன்னிருந்தா உடம்புல காயம் இருக்கும். ஊசியை மட்டும் நிறுத்தினா எந்தக் காயமும் இருக்காது. அவன் காத்துக்கிட்டு இருக்கான், தாயி. நாம வெரசாப் போகணும்."

போடிமெட்டு தாண்டி எஸ்டேட் பாதையில் சுருளிவேலின் ஜீப் இறங்கியது. ஐப்பசி மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. வழியில் ஓர் ஆளைக் காணோம்.

பங்களா வாசலில் பேச்சிமுத்து கைகூப்பி வரவேற்றான். முப்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண். மாமாவைப் பறிகொடுத்தவன் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று அன்னக்கொடிக்குப் பட்டது.

"நாப்பது ஆளையும் மெட்டுப் பக்கம் அனுப்பிட்டேன் சார். ஒவ்வொரு பள்ளமா எறங்கித் தேடுறாங்க. அந்தச் சுடலைப் பய எங்க தள்ளினானோ..."

சோலையம்மாள் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் எட்டு மூட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நேற்று எடுத்த பச்சை ஏலக்காய். லேசாகப் புளித்த வாடை அடித்தது. பின்பக்கம் காய் காயவைக்கும் ஸ்டோரின் புகைக்கூண்டு தெரிந்தது. ஒரு பொட்டுப் புகை இல்லை. அன்னக்கொடியின் அத்தை காயெடுப்புக்குப் போனவள். அந்தப் பழக்கத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், காய் எட்டு மூட்டையும் இங்கயே அவியுது, ஸ்டோர்ல புகையவே காணோம்? ஐப்பசி வெயில்ல காயப்போடப் போறீகளா?"

பேச்சிமுத்துவின் கண் ஒரு தடவை ஸ்டோர் பக்கம் போய் வந்தது. "மாமாவையே காணோம்ங்கிறப்ப காயாவது கத்திரிக்காயாவது தங்கச்சி," என்றான். "உள்ள வாங்க சார். கடைசியா அவரு இருந்த எடத்தைக் காட்டுறேன்."

அந்த அறையைப் பார்த்ததும் அன்னக்கொடி வாயைப் பிளந்தாள்.

எட்டடி மேசை. அதன் மேல் ஒரு போர்க்களம். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல்தரை. களிமண்ணில் மேடு. ஓரமாகத் தீப்பெட்டி அளவில் மூட்டை வண்டிகள். எல்லா இடத்திலும் விரல் நீளத்துக்கு ஈயப் பொம்மைச் சிப்பாய்கள். எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய விட்டுப்போன பொம்மைகளாம். அப்போது துரையிடம் கிளார்க்காக இருந்த சின்னச்சாமி, பிற்பாடு எஸ்டேட்டோடு அந்தப் பைத்தியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். போதாததற்குப் பழைய பேட்டரி ஈயத்தை உருக்கித் தானே வார்த்துச் சாயம் பூசினார். முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில் சுவீடன் ராஜாவும் ஜெர்மானியச் சக்கரவர்த்தியும் மோதிய சண்டைகளை வருஷக்கணக்காக இந்த மேசையில் நடத்திக்கொண்டிருந்தார்.

"நேத்து நாலு மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இதுலதான் சார்," என்றான் பேச்சிமுத்து. "நான் சுவீடன். மாமா சக்கரவர்த்தி கட்சி. இந்தா பாருங்க, கழுத்துல சிவப்புத் துணி கட்டின குதிரைக்காரனுக. குரோவாட்டுப் படைன்னு பேரு. மாமாவுக்கு இவனுக மேலதான் உசுரு. கடைசியா இவனுகளை வரிசையா நிறுத்தி என் பீரங்கி மேல விட்டாரு. தோத்துட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் ஜீப்புல ஏறினாரு."

கடைசி வார்த்தையில் குரல் தழுதழுத்தது. சுருளிவேல் தலையாட்டினார்.

"நீங்க இருங்க சார். ஆளுக ஏதாவது கண்டாங்களான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

அவன் காலடி தாழ்வாரத்தில் தேய்ந்தது. சுருளிவேல் மேசை மேல் குனிந்தார். அன்னக்கொடி அலமாரியைத் துழாவி ஒரு நீள நோட்டை எடுத்தாள். சின்னச்சாமியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விளையாட்டின் விதிகள் எல்லாம் தமிழில்.

"குரோவாட்டு எங்க இருக்கு பாரு," என்றார் சுருளிவேல்.

அவள் படித்தாள். "'குரோவாட்டுகள். சக்கரவர்த்தியின் எல்லைப்புறத்துக் குதிரைக்காரர்கள். உருவம் பன்னிரண்டு. கவசம் கிடையாது. இவர்கள் கழுத்துத் துணியைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் துரைமார் டை கட்டினார்கள்.' அண்ணே, அப்ப நம்ம பேங்க் மேனேஜரெல்லாம் இவனுக பரம்பரையா?"

"மேல படி."

"'இவர்களை வரிசையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செத்தார்கள். பீரங்கிக்கு நேரே ஒருபோதும் போகமாட்டார்கள். முன்னால் ஓடி வந்து ஒரு வெடி வெடிப்பார்கள். எதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்போது சுற்றிக்கொண்டு போய், காவலில்லாத மூட்டை வண்டிகளில் கை வைப்பார்கள்.'"

அன்னக்கொடி நிறுத்தினாள். மேசையைப் பார்த்தாள். சிவப்புக் கழுத்துக் குதிரைகள் பீரங்கிகளுக்கு நேர் எதிரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன.

"தானே எழுதி வச்ச விதியைத் தானே மீறுவாராண்ணே?"

"மீறமாட்டார். எத்தனை நிக்குது, எண்ணு."

எண்ணினாள். பதினொன்று. இரண்டாம் தடவையும் பதினொன்று. மேசைக்கடியில் குனிந்தாள். பச்சை மரத்தூள் தரையெல்லாம் இறைந்து கிடந்தது. யாரோ அவசரமாகக் கூட்டியும் போகாத தூள். மேசையில் நாலைந்து சிப்பாய்களின் ஈட்டி வளைந்திருந்தது.

"இங்க மல்லுக்கட்டு நடந்திருக்கு," என்றார் சுருளிவேல். "மேசை சாஞ்சிருக்கு. பொறுக்கி நிறுத்தினவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது. நேத்து இங்க ஆட்டமே நடக்கலை. ஆனா ஏன் இப்படி நிறுத்தினான்? ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி. அளந்து வச்ச மாதிரி."

கதவோரம் நின்ற சோலையம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"நெரை பிடிச்சிருக்குய்யா."

"என்னது?"

"காலையில காயெடுக்க ஆளு நிறுத்துறது இப்படித்தான். கீழருந்து மேட்டைப் பாத்து, ஆளுக்கு ஒரு நெரை, நடுவுல ஒரே அளவு எடம் விட்டு. இந்தா, இதுகளும் மேட்டைப் பாத்துத்தான் நிக்குதுக. தெனமும் சின்ன முதலாளிதான் நிறுத்துவாக."

சுருளிவேல் அவளை ஒரு நிமிஷம் மரியாதையோடு பார்த்தார். அவசரத்தில் யோசிக்க நேரமில்லாதபோது கை பழகினதைத்தான் செய்யும். பேச்சிமுத்துவின் கை தினமும் காலையில் செய்வதை நேற்று மாலையிலும் செய்திருக்கிறது.

"அவன் சொன்னது பொய்னு ஆச்சு. ஆளு எங்கண்ணே?" என்றாள் அன்னக்கொடி. "பதினொண்ணாச்சு மணி."

சுருளிவேல் நோட்டில் அவள் படித்த கடைசி வரியில் விரலை வைத்தார். "மெட்டுல ஜீப்பு, செருப்பு, கண்ணாடி. அது முன்னால வெடிச்ச வெடி. நாப்பது பேரும் போலீசும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கோம். பொம்மையை நிறுத்தத் தெரியாத பயலுக்கு இந்த வித்தை மட்டும் எப்படியோ தெரிஞ்சிருக்கு. அப்படின்னா நாம பாக்காத பக்கம் எது? பின்னால. இந்த வளவுக்குள்ளயே. ஆள் யாரும் போகாத ஒரு எடம்."

அன்னக்கொடி பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். மூடுபனி. அதற்கு மேல் ஸ்டோரின் புகைக்கூண்டு. அதிலிருந்து கருகருவென்று புகை.

அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. "நம்ம பேச்சுக்கும் இந்த மலையில ஒரு மரியாதை இருக்குண்ணே. சொன்ன ஒடனே ஸ்டோர் அடுப்பை மூட்டிட்டாக பாருங்க."

சோலையம்மாள் அவளை விலக்கிவிட்டு ஜன்னலில் பார்த்தாள். பிறகு திரும்பி வாசல் பக்கம் தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

"மூட்டை எட்டும் இங்கதானே கெடக்கு தாயி. தட்டுல காயை அடுக்கிட்டில்ல அடுப்பு மூட்டுவாக? உள்ள என்னத்தக் காய வைக்கிறாக?"

நேற்றிலிருந்து ஸ்டோர் ஏன் மூட்டப்படவில்லை என்பது அன்னக்கொடிக்கு இப்போது புரிந்தது. மூட்டினால் காய் அடுக்க ஆள் உள்ளே போகும். அவள் வேடிக்கைக்குக் கேட்ட கேள்வியை அவன் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தேகம் வரக் கூடாதென்று புகையை வரவழைத்துவிட்டான். அந்த அடுப்பை மூட்டியது அவள் வாய்.

"ஓடு!" என்றார் சுருளிவேல்.

ஸ்டோர் கருங்கல் கட்டடம். ஜன்னல் கிடையாது, காற்றுத் துவாரங்கள் எல்லாம் அடைபட்டிருந்தன. வெளிப்புறம் அடுப்பு வாயில் கிழவர் அமாவாசை விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கிளம்பும் இரும்புக் குழாய்கள் கட்டடத்துக்குள் ஓடிச் சூடேற்றும்.

"அமாவாசை மாமா, நிறுத்து!" சோலையம்மாள் கத்தினாள்.

"வெறும் வீட்டுக்கு எதுக்குச் சூடுன்னு நானும் கேட்டேன் ஆத்தா. சொன்னதைச் செய்யின்னாரு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"உள்ள பெரியவர் இருக்காருய்யா!"

அமாவாசை அவளை வெறித்துப் பார்த்தார். அடுத்த கணம் எரிகிற கட்டைகளை வெறுங்கையால் வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார். அன்னக்கொடியும் பிளாஸ்க்கைச் சோலையம்மாளிடம் திணித்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டாள். உள்ளங்கை பொசுங்கியது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கதவை மறித்து நின்றான் பேச்சிமுத்து. கையில் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி.

"சாவியைக் குடு," என்றார் சுருளிவேல்.

"என்ன சாவி? போலீசு வரட்டும், அவங்ககிட்டக் குடுக்கிறேன். உங்களுக்கென்ன இங்க சோலி?"

"சரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. நேத்து உன் பீரங்கி மேல வந்த குதிரை எத்தனை?"

"பன்னெண்டு! அதுக்கென்ன இப்ப?"

"மேசையில பதினொண்ணுதான் இருக்கு. மிச்சம் ஒண்ணு யாரு கையிலனு நான் சொல்லவா?"

பேச்சிமுத்துவின் கண் தன்னையறியாமல் பின்னாலிருந்த கதவுக்குப் போனது. அரை நொடிதான். அந்த அரை நொடியில் சுருளிவேல் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். கத்தி சேற்றில் விழுந்தது. இரண்டு பேரும் அதன் மேலேயே உருண்டார்கள். அன்னக்கொடி ஓடிவந்து கத்தியை எட்டி உதைத்துவிட்டு அவன் காலில் ஏறி உட்கார்ந்தாள்.

சோலையம்மாள் சாவிக்காக நிற்கவில்லை. விறகுக் குவியலில் கிடந்த கோடாலியை எடுத்தாள். முதல் வெட்டு கதவில் பட்டது. இரண்டாவது கொண்டியில். மூன்றாவதில் பூட்டு தொங்கிப்போனது.

உள்ளேயிருந்து அனல் முகத்தில் அறைந்தது. இருட்டு. அடுக்கடுக்காகக் காலித் தட்டுகள். அமாவாசை கொளுத்தி வந்த பந்தத்தின் வெளிச்சத்தில், கடைசித் தட்டுக்குக் கீழே, குளிர்ந்த கல்தரையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு ஒரு மனிதர் கிடந்தார். வாயைக் கட்டியிருந்த சிவப்புத் துண்டைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். கை இரண்டும் பின்னால் கட்டப்பட்டிருந்தன. விரலிடுக்கில் ஓர் ஈயக் குதிரை. அதன் மேலிருந்த வீரனின் வாள் மழுங்கி வளைந்திருந்தது. கயிற்றின் ஒரு புரி அறுந்திருந்தது.

ராத்திரி முழுக்க அந்த விரல்நீள வாளை வைத்து அறுத்திருக்கிறார். மிச்சம் இரண்டு புரி. பேச்சிமுத்துவைச் சுருளிவேலிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்த அன்னக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அய்யா," என்று கூப்பிட்டாள் சோலையம்மாள். மூச்சு மட்டும் வேகவேகமாக வாங்கியது. அவள் பிளாஸ்க்கைத் திறந்தாள். ஐஸ் ஒன்றுகூட இல்லை. ஆனால் புட்டி சில்லென்றிருந்தது. தினமும் செய்கிற வேலை, அளவு பார்த்து மருந்தை ஏற்றினாள். ஊசி இறங்கியது. பிறகு கயிற்றை அறுத்து, வாசலுக்குத் தூக்கி வந்து, மடியில் தலையை வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினாள். அவரிடம் அசைவில்லை.

நேரம் போனது. சுருளிவேல் பேச்சிமுத்துவை அவன் துண்டாலேயே தூணில் கட்டிவிட்டு வந்து நின்றார். பதினொன்று நாற்பது. அன்னக்கொடி பொசுங்கிய கையைப் பொத்திக்கொண்டு, "என் வாய்தாண்ணே, என் வாய்தான்," என்றாள்.

"உன் வாய் கேக்கலைன்னா இந்தப் புகையும் வந்திருக்காது. நாமளும் இன்னும் மேசையைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்போம்."

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. அப்போது சின்னச்சாமியின் இமை அசைந்தது. கண் திறந்தது. சுற்றியிருந்த முகங்களில் எதையோ தேடியது.

"குதிரையை..." குரல் காற்றாக வந்தது. "அந்தப் பய எங்க நிறுத்தினான்?"

"பீரங்கிக்கு நேர. நெரை பிடிச்சு," என்றாள் அன்னக்கொடி.

சின்னச்சாமியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான். "ரிஜிஸ்டர் ஆபீசு... சாயந்தரம் வரைக்கும் இருக்கும்ல?"

"மொதல்ல ஆஸ்பத்திரி," என்றார் சுருளிவேல்.

"சரி." கண்ணை மூடினார். மறுபடி திறந்தார். "சுடலை எங்க? ஜீப்பை எடுக்கச் சொல்லு."

சோலையம்மாள்தான் சொன்னாள். "அவுக ஸ்டேசன்ல இருக்காகய்யா. உங்களைக் கொன்னுட்டாகன்னு."

சின்னச்சாமி கட்டு அறுந்த கையை மெல்லத் தூக்கி, அதுவரை விடாமல் பிடித்திருந்த குதிரையை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அப்ப ஆஸ்பத்திரி ரெண்டாவது. மொதல்ல ஸ்டேசன். செத்தவன் நானே போய் வாசல்ல நிக்கிறேன்."

விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சோலையம்மாள் அப்போதுதான் உடைந்து அழுதாள். சுருளிவேல் ஓடிப்போய் ஜீப்பைக் கிளப்பினார். கொலைக் கேஸ் எழுத இன்ஸ்பெக்டர் வைத்த கெடுவான மத்தியானத்துக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. மலை இறங்க அது போதாது என்று ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. அன்னக்கொடிகூட.